மட்டாஞ்சேரியின் தனித்தனி அடுப்புகள்

மட்டாஞ்சேரிக்குப் போகிறேன் என்று கொச்சியில் யாரிடம் சொன்னாலும் முதலில் காதில் விழுவது காயிக்காவின் பிரியாணி. நியூ ரோட்டில் 1948இல் தொடங்கிய ரஹ்மத்துல்லா ஹோட்டல் அது. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஊர்வாயில் அது காயிக்கா கடைதான். உச்சிவேளைக்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடும், பிந்திப் போனால் அண்டா காலியாகியிருக்கும். தட்டில் விழுவது நம் சீரகச் சம்பாவுக்கு நெருங்கிய உறவான குட்டை அரிசி. ஹைதராபாத் பிரியாணியின் நீள அரிசியோ, திண்டுக்கல் பிரியாணியின் மிளகுக் காரமோ இதில் இல்லை. நெய்யில் புரண்ட சோறு, அடியில் தனியாக வெந்து தம்மில் சேர்ந்த இறைச்சி, பக்கத்தில் சள்ளாஸ் என்ற வெங்காயப் பச்சடி, இனிப்பும் புளிப்புமான பேரீச்சம்பழ ஊறுகாய். நாக்கைச் சுடாத பிரியாணி. அதனாலேயே அந்த ஊறுகாய் அவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது.

பெயர்பெற்ற கடையில் சாப்பிட்டதும் ஊரின் சாப்பாட்டை அறிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது எளிது. மட்டாஞ்சேரியில் அது செல்லாது. அரண்மனையைச் சுற்றிய சில சதுர கிலோமீட்டருக்குள் முப்பதுக்கு மேற்பட்ட சமூகங்கள் வாழ்கின்றன என்று ஊர்க்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்னி, மராத்தி, தமிழ், தெலுங்கு எல்லாம் வீட்டுமொழிகள். பயணக் கையேடுகள் இதைப் பார்த்துவிட்டு ‘கலவைச் சமையல்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. என் பார்வையில் அது தவறு. மட்டாஞ்சேரியில் சமையல்கள் கலந்ததைவிட, கலக்காமல் பக்கத்துப் பக்கத்தில் நின்றதே அதிகம். கடைத்தெரு எல்லோருக்கும் பொது, அடுப்பு அவரவருக்குத் தனி. நானூறு ஐந்நூறு ஆண்டுகளாக இந்த ஏற்பாடு எப்படி ஓடியது, இப்போது எங்கே தடுமாறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இத்தனை பேர் இங்கே வந்து சேர்ந்ததற்குத் துறைமுகம் பாதிக் காரணம், அரசர் பாதிக் காரணம். 1341இல் பெரியாற்று வெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்து, கொச்சியின் வாயைத் திறந்துவிட்டது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. போர்த்துகீசியர் 1503இல் கோட்டை கட்டினர், 1663இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தனர், 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். கோட்டைப் பகுதி இப்படிக் கைமாறிக்கொண்டே இருந்தபோது, ஒட்டியிருந்த மட்டாஞ்சேரி கொச்சி அரசரின் மண்ணாகவே நீடித்தது. (ஆங்கிலேயர் காலத்தில் ஃபோர்ட் கொச்சி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது என்பதும், இரண்டு தெரு தள்ளினால் வேறு ஆட்சி என்பதும் இன்று நம் நினைவில் இல்லை.) கொடுங்கல்லூரிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் அரண்மனையை ஒட்டியே இடம்பெற்று 1568இல் பரதேசி ஜெபாலயத்தைக் கட்டினர். கோவாவில் போர்த்துகீசியரின் மதக் கெடுபிடி முற்றியபோது கௌட சாரஸ்வதர்கள் கடலோரமாக இறங்கி வந்து செரளாயியில் குடியமர்ந்தனர். கொச்சங்காடியின் முஸ்லிம் நைனாக்கள் தங்கள் வேரைக் காயல்பட்டினத்தோடு சேர்த்துச் சொல்கிறவர்கள். கச்சி மேமன்களும் குஜராத்தி வணிகர்களும் பின்னால் சரக்கோடு வந்தார்கள். தப்பி வந்தவர்களும் பிழைக்க வந்தவர்களும் ஆளுக்கொரு தெருவைப் பிடித்தார்கள். தெருவோடு சேர்த்து, எதைத் தின்னலாம் எதைத் தின்னக்கூடாது என்ற சட்டத்தையும் கொண்டுவந்தார்கள்.

அந்தச் சட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். யூதர் இறைச்சியையும் பாலையும் ஒன்றாகச் சேர்க்க மாட்டார். செதிலும் துடுப்பும் இல்லாத கடலுயிரைத் தொடமாட்டார். முஸ்லிமுக்கு ஹலால். சமணருக்குக் கிழங்கு ஆகாது, பொழுது சாய்ந்தபின் உணவும் ஆகாது. சாரஸ்வதர் வீட்டில் மீன் உண்டு, கோயில் பந்தியில் வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. ஐந்து நிமிட நடையில் இத்தனை விலக்குகள். ஒருவர் இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது பல நேரங்களில் நடக்கவே முடியாத காரியம். ஆனால் எல்லோரும் ஒரே பஜார் ரோட்டில்தான் மிளகும் சுக்கும் மஞ்சளும் அரிசியும் வாங்கினார்கள். எல்லோர் வீட்டிலும் தேங்காய் துருவப்பட்டது.

தேங்காயை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். கொச்சி யூதரின் சமையலை உண்டாக்கியதே அதுதான் என்று சொல்லத் துணிவேன். இறைச்சிக் குழம்பில் தயிரோ வெண்ணெயோ சேர்க்க வழியில்லாதவருக்குத் தேங்காய்ப்பால் பெரிய விடுதலை. குழம்பு கெட்டிப்படும், காரம் தணியும், விதியும் மீறப்படாது. கோழியும் தேங்காய்ப்பாலும், மீனும் தேங்காய்ப்பாலும், அப்பமும் தேங்காய்ப்பாலும் என்று அண்டை வீட்டு மலையாளச் சமையலின் உயிரான பொருள் அவர்களுக்கு வேதத்தோடு முரண்படாத பொருளாகவும் அமைந்துவிட்டது. எதிர்ப்பக்கம் ஓர் இழப்பும் உண்டு. காயலோரம் முழுக்க இறாலும் நண்டும் கொட்டிக் கிடந்தும் அவர்களுக்கு அவை கிடையாது. செதிலுள்ள கரிமீன் போன்றவை மட்டும். சின்ன வெங்காயத்தையும் மிளகாயையும் மல்லியையும் அரைத்து மீன்மேல் அப்பிச் சுட்டெடுக்கும் சுட்டுள்ளி மீன் அந்த வரம்புக்குள் பிறந்தது. மாவுத் தகட்டில் கோழியோ முட்டையோ வைத்து அரைவட்டமாக மடித்துப் பொரிக்கும் பஸ்தேல், ஐபீரிய நாடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதர்களின் சமையலோடு உறவுள்ளது.

பாஸ்கா விழாவுக்கு அவர்கள் ஆயத்தமான விதம் தனிக் கதை. ஹனுக்கா முடிந்த சில நாட்களிலேயே வேலை தொடங்கிவிடும். அரிசி, மிளகு, மல்லி எல்லாம் மணி மணியாகப் பொறுக்கித் தனியறையில் தனிப் பாத்திரங்களில் காக்கப்படும். 1993இல் வெளியான கொச்சி யூதர் பற்றிய நூலில் நேதன் காட்ஸும் எலன் கோல்ட்பர்க்கும் இதை ஆராய்ந்தார்கள். மற்ற நாட்டு யூதர்களை விஞ்சிய இந்தக் கண்டிப்பு, சுற்றியிருந்த கேரள மேல்சாதிச் சமூகத்தின் தூய்மை ஒழுக்கத்தோடு ஒத்திசைந்து வளர்ந்தது என்பது அவர்கள் முடிவு. தீட்டு பார்க்கும் ஊரில், தீட்டு பார்ப்பவருக்கு மரியாதை. தன் அடுப்பை எவ்வளவு கறாராகக் காத்தாரோ அவ்வளவுக்கு அண்டையாரின் மதிப்பு அவருக்குக் கிடைத்தது. தனித்திருப்பதையே அந்த ஊரில் வாழும் முறையாக ஏற்றுக்கொண்டார்கள். இதை நான் புகழ்ந்து சொல்லவில்லை. அதே தூய்மைக் கணக்கு யூதர்களுக்குள்ளேயே பின்னால் வந்த பரதேசிகளையும் முன்பே இருந்த மலபாரிகளையும் பிரித்து, சிலரைப் பல தலைமுறைகள் ஜெபாலயத்தில் சம உரிமையின்றி உட்காரவைத்தது. சமையலைக் காத்த அதே சுவர்தான் மனிதரையும் விலக்கியது. மட்டாஞ்சேரியின் சுவையைப் பேசுகிறவர் இந்தப் பாதியை விழுங்கிவிடக்கூடாது.

1954, 55 ஆண்டுகளில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். யூதர் தெருவான ஜூ டவுனில் பலருக்கும் அறிமுகமான முகமாயிருந்த சாரா கோஹன் 2019இல் தம் 96ஆம் வயதில் மறைந்தார். இன்று அந்தத் தெருவில் யூதச் சமையல் என்று ஏதாவது உணவுப்பட்டியலில் தென்பட்டால், அதைச் சமைப்பவர் யூதராக இருக்க வாய்ப்பில்லை. அந்த அடுப்பு இப்போது எரிவது நெகேவ் பாலைவனத்தின் நெவாத்திம் போன்ற குடியிருப்புகளில். நெவாத்திமில் கொச்சி யூதருக்கென்று அருங்காட்சியகமே இருக்கிறது. மட்டாஞ்சேரியில் பிறந்து இஸ்ரேலுக்குப் போய் மறைந்த ரூபி டானியல் 1995இல் தம் நினைவுகளை நூலாக்கினார். எஸ்ஸி சாசூனும் வேறு இருவரும் சேர்ந்து 2013இல் சமையல் நூல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். செய்முறை எழுத்தில் தப்பிவிட்டது. பாஸ்காவுக்கு மாதக்கணக்கில் மிளகு பொறுக்க வீடு நிறையப் பெண்கள் வேண்டும், அது எழுத்தில் தப்பாது.

செரளாயியில் நிலைமை வேறு. அங்கே கோயில் இருக்கிறது, திருவிழா இருக்கிறது, பந்தி இருக்கிறது, ஆளும் இருக்கிறது. கொச்சித் திருமலை தேவஸ்வம் என்னும் வெங்கடாசலபதி கோயிலைச் சுற்றிய தெருக்களில் கொங்கணி காதில் விழும். அப்பளம், வடகம், ஊறுகாய் போடுவது வீட்டுவேலையாகவும் தொழிலாகவும் நடக்கிறது. பருப்பும் பச்சைமிளகாயும் பெருங்காயமுமாக ஓடும் தாளித்தோய், தேங்காயும் மிளகாயும் அரைத்த காசி, சேம்பிலையில் மாவு தடவிச் சுருட்டி வேகவைத்த பத்ரோடே என்று பட்டியல் நீளும். எனக்கு இவற்றுள் மனம் கவர்ந்தது கொட்டோ. நான்கு பலா இலைகளை எடுத்து, நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி குறுக்குநெடுக்காக அடுக்கி, பக்கங்களை மேலே மடக்கி, ஈர்க்குக் குச்சியால் நான்கு மூலையிலும் தைத்தால் ஒரு கிண்ணம் வரும். குச்சி கொஞ்சம் மேலேறிப் போனால் இலை கிழியும், கீழே இறங்கினால் மாவு ஒழுகும். உளுந்தும் அரிசி ரவையும் புளித்த மாவை அதில் ஊற்றி ஆவியில் வைத்தால், இட்லிதான். ஆனால் பலா இலையின் மணம் மாவுக்குள் இறங்கியிருக்கும், இலையின் நரம்புகள் இட்லியின் தோலில் வரியாகப் பதிந்திருக்கும். இதைக் கடையில் தேடினால் சுலபத்தில் கிடைக்காது. பண்டிகை நாளில் வீட்டில் கிடைக்கும்.

இலைகளை இந்தச் சமூகம் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தது என்பதற்கு வேறொரு சாட்சி உண்டு. டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூலுக்கு, ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனோடு ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் தகவல் தந்தார்கள். கொங்கணியரோடு கோவாவிலிருந்து வந்த குடும்பிகளை மட்டும் யாரும் அவ்வளவாக நினைப்பதில்லை. ஊருக்கே அவல் இடித்துக் கொடுத்தவர்கள் அந்தச் சமூகத்துப் பெண்கள். சமையல் நூல்களில் அவல் வரும், உலக்கை பிடித்த கை வராது.

குஜராத்திகள் விஷயத்தில் அடுப்பின் ஒரு பகுதி தெருவுக்கே வந்துவிட்டது. குஜராத்தி ரோட்டில் சாந்திலால் மிட்டாய்வாலா கடையின் ஜிலேபியும் பாஃப்டாவும் டோக்ளாவும் இன்று எல்லாச் சமூகத்தாரும் வாங்கும் பண்டம். சென்னை சௌகார்பேட்டையின் மிண்ட் தெருவிலும் இதே கதைதான். வியாபாரத்துக்கு வந்தவர்கள் தமக்காகத் தொடங்கிய மிட்டாய்க்கடை, பிறகு ஊருக்கே பொதுவாகிறது. இனிப்புக்கும் நொறுக்குக்கும் சமூக எல்லையைத் தாண்டுவது எளிது. உட்கார்ந்து உண்ண வேண்டாம், கையில் வாங்கிக்கொண்டு போகலாம். இறைச்சி இல்லாததால் எவருக்கும் விலக்கும் இல்லை. காயிக்காவின் பிரியாணி தாண்டியதைவிட, பாஃப்டா தாண்டிய வேலிகள் அதிகம். செரளாயிக்காரரும் சமணரும் பிரியாணிக் கடைக்குள் நுழையமாட்டார்கள், ஜிலேபிக் கடையில் மட்டாஞ்சேரி முழுக்கச் சந்திக்கும்.

பொதுச் சந்தை என்று சொன்னேன். அதன் முதுகெலும்பு மிளகு என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். ஜூ டவுனில் மிளகுக்கு முன்பேர வணிகம் நடத்திய சங்கம் 1957இல் தொடங்கியது, அங்கே கூவிய விலையை உலகச் சந்தை கவனித்தது, எல்லாம் சரி. ஆனால் மட்டாஞ்சேரிக்காரரின் வயிற்றை நிரப்பியது மிளகல்ல, அரிசி. அந்த அரிசி கேரளத்து வயலில் மட்டும் விளையவில்லை. கச்சி மேமன் வணிகர்கள் ரங்கூனிலிருந்து கப்பல் கப்பலாக இறக்கிய பர்மா அரிசியில்தான் கொச்சியும் திருவிதாங்கூரும் பெருமளவு உண்டன. பணப்பயிருக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டுச் சோற்றைக் கடல்கடந்து வாங்கிய நாடு இது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அரிசிவரத்து அறுந்தது. பங்கீடும் பட்டினியும் வந்தன, மரவள்ளிக்கிழங்கு ஏழைகளின் சோறாயிற்று. காயிக்காவின் அண்டா அடுப்பேறிய 1948, அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு ஆறே ஆண்டு. நல்ல அரிசியில் நெய் ஊற்றி ஆக்கிய ஒரு தட்டுச் சோறு அந்தத் தலைமுறைக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை, இன்று படம் எடுத்துக்கொண்டு சாப்பிடுகிறவர் ஊகிப்பது கடினம். இப்போது கேரளப் பிரியாணிக் கடைகளில் வேகும் கைமா என்ற குட்டை அரிசியில் கணிசமான பங்கு மேற்கு வங்கத்துப் பர்தமான் பக்கத்திலிருந்து வருகிறது. வங்கக் கடலின் ஒரு கரை மூடியது, மறுகரை திறந்தது.

மூட்டைகளை இறக்கியவர்கள் என்ன தின்றார்கள்? உணவு எழுத்து இந்தக் கேள்வியை ஏன் இவ்வளவு சாதாரணமாகத் தாண்டிப் போகிறது என்று எனக்கு வருத்தம் உண்டு. மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் அப்போது சாப்பா முறை இருந்தது. கங்காணி உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவான். விழுந்து புரண்டு பிடித்தவனுக்கு அன்று வேலை, அன்று அரிசி. பிடிக்காதவன் வீட்டில் அடுப்பு எரியாது. இதை எதிர்த்து எழுந்த தொழிலாளர்மீது 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டதில் சையதும் சையதலவியும் இறந்தனர். ராஜீவ் ரவியின் ‘துறைமுகம்’ படம் (2023) இந்தக் கதைதான். இந்த மனிதர்களின் சாப்பாட்டுக்குக் கோயில் மடைப்பள்ளியோ பாஸ்கா அறையோ கிடையாது. அவர்களுக்கு இருந்தது தெருமுனை சாயாக்கடை. புட்டும் கடலையும், கப்பை என்ற மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும், மாலையில் பழம்பொரி. எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கிளாஸ் வரிசையில் குடித்த இடம் மட்டாஞ்சேரியில் இது ஒன்றுதான். கலவையைத் தேடுகிறவர்கள் யூதத் தெருவின் உணவுப்பட்டியலை விட்டுவிட்டு இங்கே வந்து பார்க்க வேண்டும். அரிசி தீர்ந்தபோது உள்ளே வந்த கப்பை, மீனோடும் மாட்டிறைச்சியோடும் சேர்ந்து இங்கே பசியில் பிறந்த சமையலாயிற்று.

தமிழர்களும் இந்தத் தொழிலாளர் வரிசையில் இருக்கிறார்கள். ஃபோர்ட் கொச்சி வேலியில் இன்றும் இயங்கும் சலவைத்துறையில் துணி வெளுப்பவர்கள் தமிழ் வண்ணார் சமூகத்தினர். ஐரோப்பியரின் துணி வெளுக்க அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். கேரளத்தில் பல தலைமுறை வாழ்ந்தும் வீட்டில் தமிழ்தான். நைனாக்களின் காயல்பட்டின நினைவையும் இவர்களையும் சேர்த்துப் பார்த்தால், கொச்சிக்கும் தமிழ்க் கடற்கரைக்கும் இடையே வணிகர் வழி ஒன்றும் உழைப்பாளர் வழி ஒன்றும் இருந்தது தெரியும். முதல் வழிக்கு 1520இல் எழுந்ததாகச் சொல்லப்படும் கொச்சங்காடிச் செம்பிட்டப் பள்ளி நினைவுச்சின்னமாக நிற்கிறது. இரண்டாவது வழிக்குச் சின்னம், இன்றும் வெயிலில் காயும் துணிதான்.

டச்சுக்காரர் விட்டுப்போன சுவடு ஒன்று இலங்கை வாசகருக்குச் சட்டெனப் புரியும். அங்குள்ள டச்சு வழிப் பர்கர் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் காலையில் வெட்டும் புரூடர் என்ற இனிப்பு ரொட்டியை, ஃபோர்ட் கொச்சியின் ஆங்கிலோ-இந்தியரும் விடாமல் வைத்திருக்கிறார்கள். பேக்கரிகள் சில அதை இன்னும் போடுகின்றன. டச்சு ஆட்சி போய் இருநூறாண்டுக்கு மேலாகியும் ஒரு ரொட்டி நிற்கிறதென்றால், குடும்பச் சடங்குகளோடு அது கட்டுண்டிருப்பதே காரணம். இதைத்தான் மட்டாஞ்சேரி எங்கும் பார்க்கிறேன். எந்தச் சமையல் ஒரு நாளோடு, ஒரு பந்தியோடு, ஒரு நோன்போடு கட்டப்பட்டிருக்கிறதோ அது நிற்கிறது. சுவையாக இருப்பது மட்டும் எதையும் காப்பாற்றியதில்லை.

துறைமுகமோ மட்டாஞ்சேரியைவிட்டு மெல்ல நகர்ந்துவிட்டது. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டியபின், 1928 மே மாதம் ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. தோண்டிய மண்ணில் வில்லிங்டன் தீவு எழுந்து, பெரிய கப்பல்களை இழுத்துக்கொண்டது. 2011இல் வல்லார்பாடத்தில் சரக்குப்பெட்டக முனையம் திறந்தது. பஜார் ரோட்டின் கிடங்குகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. 2012 டிசம்பரில் கொச்சி-முசிறி பியனாலே என்ற கலைக்காட்சி தொடங்கியபின் அவற்றில் சில கலைக்கூடங்களாகவும் காபிக் கடைகளாகவும் மாறின. இடிந்து விழுவதைவிட இது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுக்கு மூட்டை அடுக்கிய கிடங்கில் பாஸ்தாவும் குளிர்ந்த காபியும் விற்கும்போது, பொதுச் சந்தை என்ற அந்தப் பழைய இணைப்பு அறுகிறது. காபிக் கடைக்குச் செரளாயிப் பாட்டி எதை வாங்கப் போவார்? முன்பு அதே கதவுக்குள் அவர் மிளகு வாங்கினார், குஜராத்திக்காரர் விற்றார், மலையாள முஸ்லிம் எடைபோட்டுத் தூக்கினார். நாலு அடுப்பை இணைத்தது அந்த எடைத்தட்டு.

ஊரைக் காக்க நினைக்கிறவர்கள் கட்டடத்தின் முகப்புக்கு வண்ணம் அடிக்கும் முன் சில்லறை மளிகைக்காரரின் வாடகையைக் கவனிக்க வேண்டும் என்பது என் கட்சி. உணவகங்களுக்குச் சுற்றுலாப் பயணிகள் இருக்கிறார்கள். கொட்டோவுக்கு உளுந்தும், அடுத்த தெரு மேமன் வீட்டுக் கல்யாணத்துக்கு அரிசியும், சமண வீட்டுக்குக் கிழங்கு சேராத மசாலாவும் ஒரே கல்லாவில் கொடுக்கிறவருக்குத்தான் யாரும் இல்லை.

அந்தக் கல்லாவில் இப்போது புது முகங்களும் நிற்கின்றன. கொச்சியின் கட்டட வேலையிலும் மீன் பதப்படுத்தும் ஆலைகளிலும் ஹோட்டல் அடுப்படிகளிலும் வங்காளத்தாரும் அசாமியரும் ஒடியாக்காரரும் நிறைந்திருக்கிறார்கள். கேரளம் இன்று இரவில் தின்னும் பரோட்டாவில் எத்தனையோ அவர்கள் கையால் வீசப்பட்டது. அவர்கள் தம் அறையில் சமைப்பது வேறு. தேங்காயெண்ணெய் மணக்கும் கொச்சிப் பகுதியின் மளிகைக் கடைகளில் கடுகெண்ணெய் பாட்டில்கள் வந்துவிட்டன. கோயிலோ மண்டபமோ தமக்கென ஒரு தெருவோ இன்னும் அவர்களுக்கு அமையவில்லை. குஜராத்திகளும் கொங்கணியரும் தொடங்கியதும் ஒரு கடைக்காரரிடம் தமக்கு வேண்டிய பொருளைக் கேட்டுத்தான்.